‘லேப்ராஸ்கோப்பினு சொல்லிட்டு இப்போ வயித்தைத் திறக்கணுங்கிறாங்களே!’ - பித்தப்பை ஆபரேஷனில் உள்ளே என்ன நடக்கிறது?

“முக்கால் மணி நேரம்தாம்மா. நாலு சின்ன ஓட்டை. நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

இப்படிச் சொல்லித்தான் ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப் போயிருப்பார்கள். இரண்டு மணி நேரம் ஆகியும் ஆள் வெளியே வரவில்லை. பிளாஸ்கில் இருந்த காபி ஆறிப்போயிருக்கும். அப்போது கதவைப் பாதி திறந்துகொண்டு, மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கியபடி டாக்டர் வருவார். “உள்ளே ரொம்ப ஒட்டிப்போயிருக்கு. ஓபன் பண்ண வேண்டியிருக்கு. உங்ககிட்ட சொல்லிட்டுப் பண்ணலாம்னு வந்தேன்.”

வெளியே காத்திருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் என்னவெல்லாமோ தோன்றும். டாக்டருக்கு அனுபவம் போதாதோ? பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமோ? ஊருக்குத் திரும்பிய பிறகு விசாரிக்க வரும் உறவினர்களிடம் ஒரே வரியில் கதை முடிந்துவிடும். “லேப்ராஸ்கோப்பி ஃபெயிலாயிடுச்சு. அப்புறம் கிழிச்சுத்தான் எடுத்தாங்க.”

‘ஃபெயில்’ என்ற அந்த வார்த்தைதான் தப்பு. சிக்கலான பித்தப்பையில், எந்த இடத்தில் கருவியை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த டாக்டர்தான் நல்ல டாக்டர். அது ஏன் என்று புரிய, முதலில் பித்தப்பையைப் பார்த்துவிடலாம்.

கேஸ் இல்லை, கல்!

கல்லீரலின் அடியில், வலது விலா எலும்புகளுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பை இது. 7 முதல் 10 செ.மீ நீளம். 30 முதல் 50 மி.லி வரை பித்தநீர் பிடிக்கும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்தான். பித்தப்பை அதை வாங்கி, தண்ணீரை உறிஞ்சி, கெட்டியாக்கி வைத்துக்கொள்ளும். எண்ணெய்ப் பலகாரமோ பிரியாணியோ உள்ளே போனதும் சுருங்கி, கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும்.

பித்தநீரில் உள்ள பொருள்களின் விகிதம் கெடும்போது கல் உருவாகிறது. வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்கள் அதிகம். தென்னிந்தியாவில் கறுப்பும் பழுப்புமான நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் நிறையவே கிடைக்கின்றன. ஒரே ஒரு கோலிக்குண்டு மாதிரியும் இருக்கும், நூறு கடுகு மாதிரியும் இருக்கும். கடுகு மாதிரி இருப்பதுதான் பல நேரம் அதிகத் தொல்லை. நழுவிக் குழாய்க்குள் போய்விடும்.

கல் இருக்கும் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய், ‘பித்தப்பையில் கல்’ என்று ரிப்போர்ட்டில் பார்த்துப் பதறுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு தராமலே கிடக்கலாம். சில விதிவிலக்குகள் தவிர, அவர்களை டாக்டர்கள் கண்காணிக்க மட்டுமே சொல்வார்கள்.

வலி வர ஆரம்பித்தால் கதை வேறு. கல்யாண வீட்டுச் சாப்பாடு முடிந்து இரவு பதினொரு மணிக்கு, மேல்வயிற்றில் பிடித்து இழுக்கிற வலி. முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவும். குமட்டும். சோடா, ஓமத்தண்ணீர், ஜெலுசில் எல்லாம் ஆகும். விடியும்போது வலி தானாகக் குறைந்துவிட, ‘கேஸ் டிரபிள்’ என்று முடிவு கட்டிவிடுவோம். கல் வாயிலில் அடைத்து, பிறகு நழுவிப் பின்னால் போனதால் வலி நின்றது என்பது தெரியாது. (இதே இடத்து வலி மாரடைப்பாகவும் இருக்கலாம். அதனால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் முதலில் இ.சி.ஜி எடுத்துவிடுவது நல்லது.)

ஸ்கேனில் கல் என்று தெரிந்த பிறகும் ஆறு மாதம் ஓடும். வாழைத்தண்டு ஜூஸ்தான் காரணம்! அது சிறுநீரகக் கல்லுக்காகச் சொல்லப்படும் வீட்டு வைத்தியம். சிறுநீரகக் கல்லும் பித்தப்பைக் கல்லும் வேறு வேறு உறுப்பில், வேறு வேறு பொருளால் ஆனவை. சிறுநீர் அதிகம் போனால் பித்தப்பைக் கல் கரையாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொன்று, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கற்கள் பச்சை உருண்டைகளாக வெளியேறும் என்பது. உருண்டைகள் வருவது உண்மைதான். 2005-ல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் நியூசிலாந்து மருத்துவர்கள் அப்படி ஒரு பெண்மணி கொண்டுவந்த உருண்டைகளைச் சோதித்து எழுதினார்கள். அவை கற்களே அல்ல. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள்ளேயே சோப்பு மாதிரி உறைந்து வந்திருந்தது. அவரது பித்தப்பைக் கற்கள் பத்திரமாக அங்கேயே இருந்தன.

‘சிக்கலான’ பித்தப்பை எப்படி இருக்கும்?

கல் வாயிலிலேயே மாட்டிக்கொண்டு நகராமல் நின்றால், பித்தப்பை வீங்கும். சுவர் தடிக்கும். கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும். ரத்த ஓட்டம் நின்ற இடம் அழுகும். சர்க்கரை நோயாளிகளிடம் இது ஏமாற்று வேலை காட்டும். உள்ளே அழுகிக்கொண்டிருக்கும், வலி மட்டும் ‘லேசா இருக்கு’ என்கிற அளவில்தான் தெரியும்.

கல் நழுவிப் பொதுப் பித்தக்குழாயில் அடைத்தால் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும். இங்கேதான் இன்னொரு தாமதம். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி. வைரஸால் வரும் காமாலையில் பலருக்கு நாள்பட உடம்பே தேறிக்கொள்ளும். குழாய் அடைப்பால் வரும் காமாலை அப்படியல்ல. காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதே கல் இன்னும் கொஞ்சம் கீழே போய் மாட்டினால் கணையம் வீங்கும். அந்த வலியை ஒருமுறை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அரிதாக, பித்தப்பைக் கழுத்தில் சிக்கிய பெரிய கல், பக்கத்தில் போகும் பித்தக்குழாயையே அழுத்தி நெரிக்கும். முற்றினால் குழாயையே அரித்து ஓட்டை போட்டுவிடும். 1948-ல் இதை விவரித்த அர்ஜென்டினா டாக்டரின் பெயரால் ‘மிரிஸி சிண்ட்ரோம்’ என்கிறார்கள். பாப்லோ மிரிஸி என்ற அவர்தான் 1931-லேயே, ஆபரேஷன் நடக்கும்போதே குழாய்க்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் முறையையும் கொண்டுவந்தவர். சந்தேகம் வந்தால் அறுப்பதற்கு முன் படம் பார்ப்பது என்ற அந்தப் பழக்கம் இன்றும் பலரைக் காப்பாற்றுகிறது.

பெர்லின் முதல் மும்பை வரை

பித்தப்பையை முழுசாக எடுத்துவிட்டாலும் மனிதன் வாழ முடியும் என்று முதலில் செய்துகாட்டியவர் கார்ல் லாங்கன்புக். 1882 ஜூலை 15, பெர்லின். 16 ஆண்டுகளாக வலியில் துடித்து, மார்ஃபின் ஊசிக்கே அடிமையாகியிருந்த 43 வயது மனிதர்தான் நோயாளி. மறுநாள் அவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாராம்! ஆனாலும் வீடு திரும்ப ஆறு வாரம் ஆனது.

அடுத்த நூறு வருடம் அதே வழிதான். வலது விலாவின் கீழே நீளமான வெட்டு, ஒரு வாரம் ஆஸ்பத்திரி, மாதக்கணக்கில் ஓய்வு.

1985 செப்டம்பர் 12-ல் ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹெ என்ற சர்ஜன், தானே வடிவமைத்த கருவியை வைத்துச் சின்னத் துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தார். மறு வருடம் ஜெர்மன் சர்ஜன்கள் மாநாட்டில் இதைச் சொன்னபோது கைதட்டல் கிடைக்கவில்லை, சந்தேகப் பார்வைகள்தான் கிடைத்தன. ஒரு நோயாளி இறந்துபோக, வழக்கையும் சந்தித்தார். 1990-ல்தான் அதிலிருந்து விடுபட்டார். இதற்குள் 1987-ல் பிரான்ஸின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே செய்த ஆபரேஷன் உலகம் முழுக்கப் பேசப்பட்டு, அவர்தான் முதல் ஆள் என்றே பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மூஹெவைத் தயங்கிய அதே ஜெர்மன் சங்கம், 1992-ல் அவருக்கு விருது கொடுத்தது.

இந்தியாவுக்கு இது வர அதிகக் காலம் ஆகவில்லை. 1990-ல் மும்பை ஜே.ஜே அரசு மருத்துவமனையில் டாக்டர் டெஹெம்டன் உத்வாடியா முதலில் செய்தார். ஏழை நோயாளிக்குத்தான் இது அதிகம் தேவை என்பது அவரது வாதம். சீக்கிரம் வேலைக்குப் போனால்தானே கூலி? கோயம்புத்தூர் டாக்டர் சி.பழனிவேலுவின் குழு, சிரோஸிஸ் வந்து கல்லீரல் சுருங்கிய நோயாளிகளிடம் இதைப் பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்று 2006-ல் சர்வதேச இதழில் எழுதியது. அதில் அவர்கள் முன்வைத்த ஒரு வழி, இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அது கொஞ்சம் கீழே வருகிறது.

ஒரு முக்கோணமும் ஒரு மாயத் தோற்றமும்

தொப்புள் அருகே ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு. வழக்கமாக நான்கு துளைகள். 5 முதல் 10 மி.மீ வரைதான் இருக்கும். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைச் செலுத்திக் கூடாரம் மாதிரி உப்ப வைப்பார்கள். தீப்பிடிக்காது, ரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும் என்பதால் இந்த வாயு. மிச்சமிருப்பது உதரவிதானத்தை உறுத்துவதால்தான் ஆபரேஷன் வயிற்றில் நடந்தும் வலி தோள்பட்டையில் தெரிகிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

கேமரா காட்டுவதை டி.வி திரையில் பார்த்தபடி, பித்தப்பையிலிருந்து கிளம்பும் சின்னக் குழாயையும் ரத்தக் குழாயையும் கண்டுபிடித்து, கிளிப் போட்டு வெட்டி, கல்லீரலிலிருந்து பையைப் பிரித்து வெளியே எடுப்பார்கள். கேட்க எளிது. அந்த இரண்டையும் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

அந்த இடத்தின் பெயர் கேலோ முக்கோணம். பித்தப்பையின் சின்னக் குழாய், கல்லீரலிலிருந்து வரும் பித்தக்குழாய், கல்லீரலின் அடி ஓரம் மூன்றுக்கும் நடுவில் உள்ள சிறிய பகுதி. சாதாரணப் பித்தப்பையில் இது மெல்லிய கொழுப்புத் திரைக்குள் ஓரளவு தெளிவாகவே தெரியும். பலமுறை வீங்கி ஆறிய பித்தப்பையில், எல்லாம் சேர்ந்து இறுகிப்போயிருக்கும். சின்னக் குழாய் சுருங்கி, பெரிய பித்தக்குழாய் இழுபட்டு வந்து, பார்ப்பதற்கு அதுவே சின்னக் குழாய் மாதிரி நிற்கும்.

அதை வெட்டிவிட்டால்? கல்லீரலிலிருந்து குடலுக்குப் போகும் ஒரே பாதை அறுந்துவிடுகிறது. பித்தநீர் வயிற்றுக்குள் கசியும், காமாலை வரும், குடலை எடுத்துக் கல்லீரலோடு இணைக்கும் பெரிய ஆபரேஷன் தேவைப்படும். சில பேருக்கு வருடக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். லேப்ராஸ்கோப்பியில் இந்தக் காயம் ஆயிரம் பேரில் சுமார் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ஏற்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. எண்ணிக்கை சின்னது. அதில் ஒருவராக இருப்பவருக்கு அது சின்னது அல்ல.

இது கைத்திறன் குறைவால் வருவது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 2003-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட 252 காயங்களை மனித உளவியல் கோணத்தில் அலசினார்கள். 97 சதவிகிதக் காயங்களுக்கு முதல் காரணம், கண் ஏமாந்ததுதான். ‘இதுதான் சின்னக் குழாய்’ என்று மூளை ஒருமுறை முடிவு செய்துவிட்டால், திரையில் தெரியும் மற்ற எச்சரிக்கைகள் எதுவும் எச்சரிக்கையாகத் தோன்றாது. இருட்டில் கயிற்றைப் பாம்பென்று பார்த்தவர் கதைதான். இங்கே அது தலைகீழ்.

இதற்காகவே 1995-ல் அமெரிக்க சர்ஜன் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு விதியை முன்வைத்தார். முக்கோணம் முழுக்கச் சுத்தம் செய்யப்பட வேண்டும். பித்தப்பையின் அடிப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்து, பின்னால் கல்லீரல் தெரிய வேண்டும். பித்தப்பைக்குள் போகும் குழாய்கள் இரண்டே இரண்டுதான் என்று கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றும் தெரியாமல் எதையும் வெட்டாதே!

தெரியவில்லை என்றால்?

கடுமையான அழற்சியில் பல நேரம் தெரியாது. அப்போது டாக்டர் முன்னால் சில வழிகள் இருக்கின்றன.

முதலாவது, நின்று இன்னொரு சீனியரைக் கூப்பிடுவது. இது எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு பயனுள்ளது. அடுத்தவர் கண் ஏமாறாமல் இருக்கலாம் இல்லையா? இரண்டாவது, மிரிஸி காட்டிய மாதிரி எக்ஸ்ரே எடுப்பது. இப்போது ஐ.சி.ஜி என்ற பச்சைச் சாயத்தை முன்கூட்டியே ஊசியில் போட்டுவிடுகிறார்கள். கல்லீரல் அதைப் பித்தநீரில் கலந்து அனுப்ப, சிறப்பு கேமராவில் குழாய்கள் மட்டும் பச்சையாக ஒளிரும். தடித்த திசுவை ஊடுருவி அது முழுக்கத் தெரியாது என்றாலும் உதவியாக இருக்கிறது.

மூன்றாவது, கோவைக் குழு சிரோஸிஸ் நோயாளிகளுக்குப் பயன்படுத்திய அந்த வழி. பித்தப்பையை முழுசாக எடுக்காமல், ஆபத்தான கழுத்துப் பகுதியைத் தொடாமல், பையைத் திறந்து கற்களையும் சீழையும் வெளியேற்றி, எடுக்க முடிந்த பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது. ‘சப்டோட்டல்’ என்பார்கள். துளைகள் வழியாகவே முடிந்துவிடும். பித்தக்குழாய் தப்பிக்கும். சில நாள் பித்தநீர் கசியலாம் என்பதால் வெளியே ஒரு டியூப் தொங்கும். பெரும்பாலும் கசிவு தானே நிற்கும். நிற்காவிட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் குழாயில் ஸ்டென்ட் வைப்பார்கள். டியூபைப் பார்த்து வீட்டில் உள்ளவர்கள் பயந்துவிடுகிறார்கள், பாவம். குழாய் காயத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

நான்காவது, வயிற்றைத் திறப்பது. ரத்தக் கசிவு கட்டுப்படாதபோதும், குடல் ஒட்டிக்கொண்டிருக்கும்போதும், கல் குழாயையே அரித்திருக்கும்போதும் கையால் தொட்டுப் பார்த்துச் செய்ய வேண்டிய நிலை வரும். திட்டமிட்ட சாதாரண ஆபரேஷனில் இப்படி மாறுவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவு. சீழ் பிடித்த, அழுகிய பித்தப்பையில் அதைவிடப் பல மடங்கு அதிகம். தழும்பு பெரிதாக இருக்கும், நான்கைந்து நாள் கூடுதலாகத் தங்க வேண்டியிருக்கும். ஆனால், திறந்துவிட்டதாலேயே ஆபத்து நீங்கிவிடாது. அதே இறுகிய முக்கோணம்தான் அங்கேயும் காத்திருக்கும். அதனால்தான் இன்று அனுபவசாலிகள் பலர், திறப்பதற்கு முன் சப்டோட்டல் முடியுமா என்று பார்க்கிறார்கள்.

எப்போது செய்வது?

‘சூடு தணியட்டும், ஆறு வாரம் கழித்து வாங்க’ என்பதுதான் பழைய வழக்கம். இன்றும் சில இடங்களில் கேட்கலாம். 2013-ல் வெளியான ஜெர்மன் ஆய்வில் கடும் அழற்சியோடு வந்த 618 பேரில், ஒரு பாதியினருக்கு 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன். மறு பாதியினருக்கு மருந்து கொடுத்துச் சில வாரம் கழித்து. சீக்கிரம் செய்தவர்களில் சுமார் 12 சதவிகிதம் பேருக்குச் சிக்கல். காத்திருந்தவர்களில் 34 சதவிகிதம்! வலி தொடங்கிய முதல் சில நாள்களில் திசு நீர்கோத்து, பிரிக்க எளிதாக இருக்கும். வாரங்கள் போனால் ஆறி இறுகிவிடும்.

உடல்நிலை மோசமானவர்களுக்கு ஊசி வழியே டியூப் போட்டுச் சீழை மட்டும் வடிப்பது பாதுகாப்பு என்று நினைக்கப்பட்டது. நெதர்லாந்தில் 142 பேரிடம் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், அப்படி வடித்தவர்களில் 65 சதவிகிதம் பேருக்குப் பெரிய சிக்கல்கள். லேப்ராஸ்கோப்பி செய்தவர்களில் 12 சதவிகிதம்தான். மயக்க மருந்தே தாங்காது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு டியூப் இன்றும் உயிர் காக்கிறது, அதை ஒதுக்க முடியாது.

குழாயிலும் கல் இருந்தால், பொதுவாக முதலில் இ.ஆர்.சி.பி. அதாவது, வாய் வழியே எண்டோஸ்கோப் விட்டு அந்தக் கல்லை எடுத்துவிட்டு, பிறகு பித்தப்பை. முதல் பாதி முடிந்து வலி போனதும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று ஊருக்குப் போய்விட்டு, அடுத்த கல் நழுவித் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

“முழுசா எடுக்க முடியலைன்னா என்ன செய்வீங்க டாக்டர்?” ஆபரேஷனுக்கு முந்தைய நாள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். ஓபனாக மாறினால் பில் எவ்வளவு ஆகும், காப்பீட்டில் முன் அனுமதி வாங்கியது அதற்கும் செல்லுமா என்பதையும் அப்போதே விசாரித்துவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷன் வழக்கமாக நடக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, காய்ச்சல், வயிறு உப்புசம், கண் மஞ்சள் என எது வந்தாலோ, ‘தையல் பிரிக்கப் போகும்போது சொல்லிக்கலாம்’ என்று இருக்கக் கூடாது. அன்றே போக வேண்டும். சாப்பாட்டில் பெரிய பத்தியம் தேவையில்லை. பித்தநீர் இனி சேமிக்கப்படாமல் நேராகக் குடலுக்குச் சொட்டும். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு இளகும். எண்ணெயைப் படிப்படியாகக் கூட்டிக்கொள்ளலாம்.

எடுத்த கற்களைச் சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுப்பார்கள். அதை எல்லோருக்கும் காட்டுவோம். பித்தப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பி வரும் பயாப்ஸி ரிப்போர்ட்டை மட்டும் வாங்காமல் விட்டுவிடுவோம். அபூர்வமாக அதில்தான் ஆரம்ப நிலைப் புற்றுநோய் தெரியவரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘சப்டோட்டல்’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் பகுதியில் பின்னாளில் மறுபடி கல் உருவாக வாய்ப்பு உண்டு. ஐந்து வருடம் கழித்து அதே இடத்தில் வலி வந்தால், “பித்தப்பையைத்தான் எடுத்தாச்சே” என்று சொல்லிக்கொண்டு சோடா குடிக்காமல், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்கேனுக்குப் போக வேண்டும்.